சர்வருக்கும் ரவுட்டருக்கும் பேச்சே இல்லையா? ரீபூட் பண்றதுக்கு முன்னாடி ஏஆர்பி டேபிளைப் பாருங்க

சர்வர் ஓடுது, ரவுட்டர் ஓடுது, சுவிட்ச்ல லைட்டெல்லாம் பச்சையா மினுங்குது, ஆனா சர்வர்ல இருந்து கேட்வேக்கு, அதாவது வெளிய போற வாசலா இருக்குற ரவுட்டருக்கு, பிங் போட்டா (இருக்கியான்னு கேட்டா) பதிலே வராது. இல்லன்னா பத்து நிமிஷம் வரும், அப்புறம் போயிரும், யாராவது ரவுட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணா திரும்ப வரும். ராமேஸ்வரத்துல லாட்ஜ், மண்டபத்துல ஐஸ் பிளாண்ட், கீழக்கரைல கடைன்னு எங்க போனாலும் கம்ப்ளைன்ட் ஒரே மாதிரிதான், கூடவே "ரீபூட் பண்ணா சரியாயிருதுண்ணே"ன்னு ஒரு வரியும் கண்டிப்பா வரும்.

அந்த ரீபூட்தான் நமக்கு பெரிய தொல்லை. ஏஆர்பி டேபிள்ங்குறது எந்த ஐபி எந்த கார்டுன்னு எழுதி வச்சிருக்குற லிஸ்ட், மெமரில மட்டும் இருக்குற சமாச்சாரம். ரவுட்டர ஆஃப் பண்ணா டேபிள் காலி, ஆன் ஆனதும் புதுசா எழுதிக்கும், அதனால கொஞ்ச நேரம் எல்லாம் நல்லா ஓடும். ஆனா யாரு யாரப் பத்தி தப்பான அட்ரஸ் வச்சிருந்தாங்கங்குற தடயமும் அதோட காலி. அதனால கம்ப்ளைன்ட் வந்ததும் போன்லயே சொல்லிருங்க, நான் வர்ற வரைக்கும் எதையும் ஆஃப் பண்ணாதீங்க, பண்ணியே ஆகணும்னா முதல்ல ரெண்டு பக்கத்து டேபிளையும் போட்டோ எடுத்து அனுப்பிட்டு பண்ணுங்கன்னு. கேக்க மாட்டாங்க, இருந்தாலும் சொல்லி வைங்க.

ஏஆர்பி என்ன பண்ணுதுன்னு ரெண்டே வரில சொல்றேன், தெரிஞ்சவங்க தாண்டிப் போங்க. ஒரே நெட்வொர்க்ல இருக்குற ரெண்டு மெஷின் பேசணும்னா ஐபி மட்டும் பத்தாது, நெட்வொர்க் கார்டுக்கே உரிய நம்பரான மேக் அட்ரஸும் வேணும். சர்வர் 192.168.10.5, ரவுட்டர் 192.168.10.1னு வைங்க. "10.1 யாரு, 10.5க்கு சொல்லு"ன்னு சர்வர் எல்லாருக்கும் பிராட்காஸ்ட் பண்ணும், ரவுட்டர் மட்டும் "நான்தான், இதான் என் மேக்"னு சர்வருக்கு நேரா பதில் சொல்லும். 1982ல ஆர்எஃப்சி 826ங்குற இன்டர்நெட் விதி ஆவணத்துல எழுதி வச்சது, இன்னைக்கும் அப்படியேதான் ஓடுது. இதுல நம்பிக்கைதான் எல்லாமே, சொன்னவன் உண்மையான ஆளான்னு யாரும் சரிபார்க்குறதில்ல. பாதிப் பிரச்சனை அங்கதான் ஆரம்பிக்குது.

முதல்ல பிங்கோட எரரை ஒழுங்கா படிங்க

லினக்ஸ்ல கேட்வேக்கு பிங் போட்டு மூணு செகண்ட் கழிச்சு "டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்"னு வருதா, அந்த வரில "ஃப்ரம்"னு போட்டு உங்க சர்வரோட சொந்த ஐபியே இருக்கா? அப்போ பாக்கெட் வெளியவே போகல, ஏஆர்பி பதில் வரலன்னு உங்க மெஷினே சொல்லுது. மூணு தடவ கேட்டுப் பாத்து கைய விரிச்சிருச்சு. விண்டோஸ் சர்வர்லயும் கிட்டத்தட்ட இதே மெசேஜ்தான், "ரிப்ளை ஃப்ரம்"னு உங்க ஐபியையே போட்டிருக்கும்.

அதுக்குப் பதிலா விண்டோஸ்ல சும்மா "ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்" வந்துச்சுன்னா, லினக்ஸ்ல ஒண்ணுமே வராம நின்னுச்சுன்னா கதை வேற. உங்க பக்கம் மேக் கிடைச்சிருச்சு, பாக்கெட் போயிருச்சு, பதில்தான் வரல. ரவுட்டர்ல ஃபயர்வால் பிங்கைத் தடுக்கலாம், இல்ல ரவுட்டர் உங்க ஐபிக்கு வேற யாரோட மேக்கையோ வச்சிருக்கலாம். இந்த வித்தியாசத்தப் பாக்காம நேரா கேபிள் மாத்தப் போறவங்கதான் நெறைய பேர்.

ஃபயர்வால் சந்தேகம் இருந்தா ஆர்பிங் போடுங்க. அது ஏஆர்பி லெவல்லயே கேக்கும், ஐபி ஃபயர்வால் அதத் தொடாது. டெபியன், உபுண்டுல ஆர்பிங்னு ரெண்டு தனித்தனி பேக்கேஜ் இருக்கு, ஐபியூட்டில்ஸோட வர்றது ஒண்ணு, தனியா வர்றது ஒண்ணு, ஆப்ஷன்லாம் ரெண்டுக்கும் மாறும். ஐபியூட்டில்ஸ்ல பெரிய டி போட்டா டூப்ளிகேட் ஐபி இருக்கான்னு பாக்கும், இன்னொண்ணுல அதே பெரிய டி சும்மா ஆச்சரியக்குறியும் புள்ளியுமா காட்டும், டூப்ளிகேட் பாக்க சின்ன டி போடணும். மேனுவல் பாக்காம நெட்ல இருந்து கமாண்டை அப்படியே ஒட்டினா குழம்பிருவீங்க.

ரெண்டு பக்கமும் பாக்கணும்

சர்வர்ல "ஐபி நெய்பர்" அடிங்க, விண்டோஸ்னா ஏஆர்பி கமாண்டோட மைனஸ் ஏ. ரவுட்டர் சிஸ்கோன்னா "ஷோ ஐபி ஏஆர்பி", மைக்ரோடிக்னா வின்பாக்ஸ்ல ஐபி மெனுவுக்குள்ள ஏஆர்பி லிஸ்ட்.

லினக்ஸ்ல "ஸ்டேல்"னு பாத்ததும் பயப்படாதீங்க. ஸ்டேல்னா தப்புன்னு அர்த்தம் இல்ல, கொஞ்ச நேரமா உறுதிப்படுத்தல, அடுத்த தடவ பேசும்போது பாத்துக்கலாம்னு அர்த்தம், அவ்வளவுதான். பயப்பட வேண்டியது "இன்கம்ப்ளீட்", "ஃபெயில்ட்" ரெண்டுக்கும்தான். கேட்டாச்சு, பதில் இல்ல.

இப்போ சர்வர்ல ரவுட்டருக்கு எழுதியிருக்குற மேக், ரவுட்டரோட இன்டர்ஃபேஸ்ல உண்மையிலேயே இருக்குற மேக்கானு ஒப்பிடுங்க. அப்புறம் ரவுட்டர்ல சர்வருக்கு எழுதியிருக்குற மேக்கை, சர்வரோட கார்டுல இருக்குறதோட ஒப்பிடுங்க. ரெண்டுல ஒண்ணு தப்பா இருந்தா பாதி வேலை முடிஞ்சுது. மேக்கோட முதல் மூணு ஜோடி தயாரிச்ச கம்பெனியக் காட்டும், அத நெட்ல தேடினா உங்க சர்வரோட ஐபிய ஆட்டையப் போட்டது கேமராவா, டிவிஆரா, பிரிண்டரான்னு தெரிஞ்சிரும். சிசிடிவி மாட்ட வந்தவங்க காலியா இருக்குற நம்பர்னு நெனச்சு டிவிஆருக்கு சர்வரோட ஐபியக் குடுத்துட்டுப் போறது நம்ம ஊர்ல சர்வ சாதாரணம். டிவிஆர் ஆன் ஆகுறப்பல்லாம் சர்வர் போகும். ஆர்பிங்ல ஒரே ஐபிக்கு ரெண்டு மேக்ல இருந்து பதில் வந்துச்சுன்னா இதேதான்.

டிசிபிடம்ப்: கேள்வில யாரோட பேரு இருக்குன்னு பாருங்க

டேபிள் பாத்தும் புரியலன்னா கேபிள்ல காது வச்சுக் கேட்டுற வேண்டியதுதான். போற வர்ற பாக்கெட்டையெல்லாம் காட்டுற டிசிபிடம்ப்ல இன்டர்ஃபேஸ் பேரக் குடுத்து, கடைசில ஏஆர்பின்னு ஃபில்டர் போட்டு, மறக்காம மைனஸ் ஈயும் சேருங்க, அப்பதான் மேக் அட்ரஸ் தெரியும். வரிசையா "ஹூ ஹேஸ் 192.168.10.1 டெல் 192.168.10.5"னு ஓடும்.

கேள்வி போகுது, பதில் வரலயா? அப்போ ரவுட்டருக்குக் கேள்வி போய்ச் சேரல, இல்ல சேர்ந்தும் பதில் சொல்ல அதுக்கு இஷ்டமில்ல. ரவுட்டர்லயும் பாக்கெட் கேப்சர் ஓட்டிப் பாருங்க, மைக்ரோடிக்ல டார்ச், ஸ்னிஃபர் ரெண்டும் இருக்கு. அங்க கேள்வியே வரலன்னா நடுவுல இருக்குற சுவிட்ச், விலான் (ஒரே சுவிட்ச்சை தனித்தனி நெட்வொர்க்கா பிரிக்கிறது), கேபிள், இதுல ஏதோ ஒண்ணு. பெரும்பாலும் விலான்தான், யாரோ போர்ட்டை மாத்திக் குத்தியிருப்பாங்க.

கேள்வி வந்தும் ரவுட்டர் வாயத் திறக்கலன்னா, அந்த "டெல்"லுக்கு அப்புறம் என்ன ஐபி இருக்குன்னு நல்லா உத்துப் பாருங்க. இதத்தான் யாரும் பாக்குறதில்ல. சர்வர்ல ரெண்டு நெட்வொர்க் கார்டு இருந்தா, இல்ல லூப்பேக்ல (மெஷினுக்குள்ளயே இருக்குற கற்பனை கார்டு) கூடுதலா ஒரு ஐபி போட்டிருந்தா, லினக்ஸ் டீஃபால்ட்டா என்ன பண்ணும்னா, எந்த ஐபில இருந்து பாக்கெட் கிளம்புதோ அதே ஐபியப் போட்டு ஏஆர்பி கேக்கும். அந்த ஐபி 172.16.5.9னு வைங்க, ரவுட்டரோட அந்த இன்டர்ஃபேஸ்ல 192.168.10 நெட்வொர்க்தான இருக்கு, "ஹூ ஹேஸ் 192.168.10.1 டெல் 172.16.5.9"னு வந்தா இது யாரோ தெருவுல போறவன்னு கண்டுக்காம விட்டுற ரவுட்டர் நெறைய இருக்கு. கொடுமை என்னன்னா மெயின் ஐபில இருந்து கிளம்புற ட்ராஃபிக் வந்து ஏஆர்பிய நிரப்பி வச்சிருந்தா எல்லாம் ஓடும், அது காலாவதி ஆகுற நேரம் பாத்து இந்த இன்னொரு ஐபி கேட்டா நிக்கும், அதனால விட்டு விட்டு வர்ற மாதிரியே தெரியும்.

மருந்து லினக்ஸ் கெர்னல் செட்டிங்கை மாத்துற சிஸ்கன்ட்ரோல்ல இருக்கு. ஏஆர்பி அனவுன்ஸை 2ன்னு வைங்க, அப்போ அந்த நெட்வொர்க்குக்குப் பொருந்துற ஐபியப் போட்டுத்தான் கேக்கும். கூடவே ஏஆர்பி இக்னோரை 1ன்னு வைங்க. லினக்ஸுக்கு இன்னொரு பழக்கம், ஒரு கார்டுல இருக்குற ஐபிக்கு இன்னொரு கார்டு வழியா கேள்வி வந்தாலும் "நம்ம வீடுதான"ன்னு பதில் சொல்லிரும். ரெண்டு கார்டும் ஒரே சுவிட்ச்ல குத்தியிருந்தா ரவுட்டர்ல ஒரே ஐபிக்கு மேக் மாறி மாறி ஏறும். ஏஆர்பி இக்னோர் 1 போட்டா அந்தந்த கார்டு அதது ஐபிக்கு மட்டும் பதில் சொல்லும்.

ரவுட்டர மாத்தினதும் பிராஞ்ச் மட்டும் போச்சா?

இது எனக்குப் பிடிச்ச கேஸ், ஏன்னா எல்லாரும் புது ரவுட்டரத்தான் திட்டுவாங்க. சர்வர்ல இன்டர்நெட் அருமையா வருது, ஆனா 192.168.20ல இருக்குற கீழக்கரை பிராஞ்ச் மட்டும் வரல, நேத்து வரைக்கும் வந்துச்சு, நேத்துதான் ரவுட்டர மாத்துனாங்க. கடை முதலாளி "காக்கா (அங்க அண்ணன்னு அர்த்தம்), பழைய ரவுட்டரையே மாட்டிருவமா"ன்னு கேப்பாரு. எந்தெந்த ஐபி தன்னோட நெட்வொர்க்னு சொல்ற, சர்வரோட சப்நெட் மாஸ்க்கைப் பாருங்க. 255.255.255.0 இருக்க வேண்டிய எடத்துல 255.255.0.0 இருக்கும்.

அந்த மாஸ்க்ல 192.168.20ம் பக்கத்து வீடுன்னு சர்வர் நெனச்சுக்கும், கேட்வேக்கு அனுப்பாம நேரா ஏஆர்பி போட்டுத் தேடும். பழைய ரவுட்டர்ல ப்ராக்ஸி ஏஆர்பி ஆன்ல இருந்திருக்கும், சிஸ்கோல அது டீஃபால்ட்டாவே ஆன். "20.8 யாரு"ன்னு சர்வர் கேட்டா ரவுட்டர் "என்கிட்ட குடு, நான் கொண்டு போறேன்"னு தன் மேக்கச் சொல்லிரும். வருஷக்கணக்கா தப்பான மாஸ்க் சரியா ஓடிருக்கு. புதுசா வந்த மைக்ரோடிக்ல ப்ராக்ஸி ஏஆர்பி டீஃபால்ட்டா கெடயாது, அதனால பதில் இல்ல. சர்வர்ல ஐபி நெய்பர் போட்டா 20.8க்கு இன்கம்ப்ளீட்னு நிக்கும். வேற நெட்வொர்க்கோட ஐபி ஏஆர்பி டேபிள்ல இருக்குறதே தப்பு, அதப் பாத்ததும் மாஸ்க்குன்னு முடிவு பண்ணிரலாம். புது ரவுட்டர்ல ப்ராக்ஸி ஏஆர்பிய ஆன் பண்ணி தப்பிக்காதீங்க, மாஸ்க்கைத் திருத்துங்க.

மைக்ரோடிக்லயே இன்னொண்ணு. லாட்ஜ் வைஃபைக்கு ஹாட்ஸ்பாட் செட் பண்ணவங்க, கெஸ்ட் சொந்தமா ஐபி போட்டு உள்ள வரக்கூடாதுன்னு இன்டர்ஃபேஸ்ல ஏஆர்பிய "ரிப்ளை ஒன்லி"ன்னு வச்சு, டிஎச்சிபில (தானா ஐபி குடுக்குற சர்வீஸ்) லீஸ் குடுக்கும்போது ஏஆர்பி சேர்க்குற ஆப்ஷனைப் போட்டிருப்பாங்க. நல்ல ஐடியாதான். ஆனா சர்வருக்கு கைல போட்ட ஐபின்னா அது டிஎச்சிபி லிஸ்ட்ல இல்ல, ரவுட்டர் அதுக்கு பதிலே சொல்லாது. சர்வரோட ஐபியும் மேக்கும் சேத்து ஒரு ஸ்டாட்டிக், அதாவது கைல எழுதுற மாறாத என்ட்ரி போட்டா முடிஞ்சுது.

ஐபிய வேற மெஷினுக்கு மாத்துனா

பழைய சர்வர் எரிஞ்சு போய் புதுசு வச்சீங்க, அதே ஐபி. மெயின் ஐபி உடனே வேலை செய்யும், ஏன்னா புது சர்வர் கேட்வேயத் தேடி ஏஆர்பி கேக்கும்போதே ரவுட்டர் புது மேக்க எழுதிக்கும். ஆனா அதே கார்டுல கூடுதலா போட்ட ஐபி, பில்லிங்குக்கு ஒண்ணு, வெப்சைட்டுக்கு ஒண்ணுன்னு வச்சிருப்பீங்களே, அதுல இருந்து சர்வர் தானா எதுவும் பேசாது, கேட்டா பதில் மட்டும்தான் சொல்லும். ரவுட்டர்ல அதுக்குப் பழைய மேக்தான் இருக்கும், சிஸ்கோல ஏஆர்பி டைம் அவுட் டீஃபால்ட்டா 4 மணி நேரம். அவ்வளவு நேரம் செத்துப்போன கார்டுக்கு பாக்கெட் அனுப்பிக்கிட்டே இருக்கும். ஒவ்வொரு கூடுதல் ஐபிக்கும் ஆர்பிங்ல பெரிய யூ போட்டு ரெண்டு மூணு தடவ அனவுன்ஸ் பண்ணுங்க, இல்லன்னா ரவுட்டர்ல அந்த என்ட்ரிய மட்டும் க்ளியர் பண்ணுங்க. மைக்ரோடிக்ல டீஃபால்ட் 30 செகண்ட்தான், அதனால அங்க இந்த வலி தெரியாது.

பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கம் லைன் கட்டானா தீவுக்குள்ள எல்லாம் நின்னுரும்னு ரெண்டு ஐஎஸ்பி, ரெண்டு ரவுட்டர், நடுவுல விஆர்ஆர்பின்னு (ஒரு ரவுட்டர் போனா இன்னொண்ணு அதே ஐபிய எடுத்துக்குற ஏற்பாடு) வச்சிருக்குறவங்களுக்கு ஒரு விஷயம். விஆர்ஆர்பி விர்ச்சுவல் மேக் 00:00:5ஈ:00:01னு ஆரம்பிச்சு கடைசில குரூப் நம்பர் வரும். உங்க ரவுட்டரும் குரூப் 1, ஐஎஸ்பி வச்சுட்டுப் போன பாக்ஸும் குரூப் 1, ரெண்டும் ஒரே சுவிட்ச்லன்னா ஒரே மேக் ரெண்டு போர்ட்ல குதிக்கும். குரூப் நம்பரை 1ல வைக்காதீங்க, 47, 83ன்னு எதையாவது போடுங்க. லினக்ஸ்ல விஆர்ஆர்பிக்கு கீப்அலைவ்ட்ங்குற சாஃப்ட்வேர் ஓட்டுறவங்க கவனிக்க வேண்டியது, அது டீஃபால்ட்டா விர்ச்சுவல் மேக் யூஸ் பண்ணாது, கார்டோட நிஜ மேக்தான், மாஸ்டர் மாறும்போது யாரும் கேக்காமலே தன் மேக்க அறிவிக்கிற கிராட்யூட்டஸ் ஏஆர்பி அனுப்பி சொல்லும். அத எதுத்த ரவுட்டர் தவற விட்டுச்சுன்னா பழைய ஆளுக்கே அனுப்பிட்டு இருக்கும். கீப்அலைவ்ட்ல கார்ப் (கிராட்யூட்டஸ் ஏஆர்பியோட சுருக்கம்) மாஸ்டர் ரெஃப்ரெஷ்னு ஒரு செட்டிங் இருக்கு, டீஃபால்ட் 0, அதாவது திரும்பத் திரும்ப அனுப்பாது. அறுபது செகண்டுன்னு போட்டு வைங்க.

தண்ணிக்கு மேல ரேடியோ லிங்க் போட்டவங்க, ரவுட்டர் டேபிள்ல அந்தப் பக்கத்து ஐபி எல்லாத்துக்கும் ஒரே மேக் தெரியுதான்னு பாருங்க. தெரிஞ்சா ரேடியோ சாதா கிளையன்ட் மோட்ல இருந்து மேக்க மாத்திக் குடுக்குது. மேக்க மாத்தாம அப்படியே கடத்துற பிரிட்ஜ் மோடு, டபிள்யூடிஎஸ் ஆன் பண்ணுங்க.

அமாவாசை அன்னைக்கு மட்டும் போகுதா?

ஆடி அமாவாசை, தை அமாவாசைன்னா அக்னி தீர்த்தத்துல கால் வைக்க எடமிருக்காது, லாட்ஜ்ல ஒரு ரூமுக்கு எட்டு பேரு, எட்டு பேர் கைலயும் போன். காலைல அஞ்சு மணிக்கு மேனேஜர் போன் அடிப்பாரு, "தம்பி, பஸ்ஸுல வந்த கூட்டம் ரிசப்ஷன்ல நிக்குது, பில்லு போட முடியல, சர்வர் தொங்குது"ன்னு. மறுநாள் போய்ப் பாத்தா எல்லாம் நல்லா இருக்கும்.

லினக்ஸ் மெஷினே கேட்வேயா இருந்து, கெஸ்ட் வைஃபையும் ஆஃபீஸும் ஒரே பெரிய நெட்வொர்க்கா இருந்தா, கெர்னல் லாக்ல "நெய்பர் டேபிள் ஓவர்ஃப்ளோ"ன்னு இருக்கான்னு தேடுங்க. லினக்ஸ் டேபிளுக்கு மூணு எல்லை, ஜிசி திரெஷ் 1, 2, 3ன்னு பேரு, டீஃபால்ட் 128, 512, 1024. மூணாவது எல்லையத் தொட்டா புது ஆளுக்கு எடமில்ல. அந்த நேரத்துல பில்லிங் சர்வரோட என்ட்ரி காலாவதி ஆகியிருந்தா அதுக்கும் எடமில்ல, அதான் தொங்குது. ஒரே நெட்வொர்க்ல 2000 ஐபி வச்சுக்கிட்டு யாராவது போன்ல ஸ்கேனர் ஆப் ஓட்டினாலும் இல்லாத ஐபிக்கெல்லாம் இன்கம்ப்ளீட் ஏறி டேபிள் நிரம்பும்.

எல்லைய 1024, 4096, 8192ன்னு ஏத்திரலாம், இன்னைக்கு இருக்குற மெமரிக்கு அது ஒண்ணுமே இல்ல. ஆனா உருப்படியான வேலை கெஸ்ட்டையும் ஆஃபீஸையும் தனித்தனி விலான் ஆக்குறதுதான். டிஎச்சிபி லீஸையும் ஒரு நாள்ல இருந்து ஒண்ணு ரெண்டு மணி நேரமாக் குறைங்க, தீர்த்தமாடிட்டு ஊருக்குப் போனவங்க ஐபியெல்லாம் சும்மா பிடிச்சு வைக்க வேணாம்.

கடைசில கேபிள்

கடலோரத்துல இதச் சொல்லாம முடிக்க முடியாது. ஆர்ஜே45 முனைல உப்பு ஏறி பச்சை பூத்திருக்கும், வெளிய பாத்தா தெரியாது, கழட்டி வெளிச்சத்துல பாத்தாத்தான் தெரியும். ஏஆர்பி பாக்கெட் ரொம்பச் சின்னது, மோசமான கேபிள்லயும் பெரும்பாலும் தப்பிச்சுப் போயிரும். அதனால டேபிள் ரெண்டு பக்கமும் சரியா இருந்து, சின்ன பிங் போய், 1400 பைட் பிங் மட்டும் சாகுதுன்னா ஏஆர்பிய விட்டுட்டு கேபிளப் பிடிங்க. லினக்ஸ்ல ஈத்டூல் கமாண்ட்ல கார்டோட புள்ளிவிவரம் பாத்தா சிஆர்சி எரர் (வழியில கெட்டுப் போன பாக்கெட் கணக்கு) ஏறிட்டே இருக்கும், ஸ்பீடும் 1000த்துல இருந்து 100க்கு இறங்கியிருக்கும். மாத்தும்போது 50 மைக்ரோஇன்ச் தங்க முலாம் போட்ட முனையா கேட்டு வாங்குங்க, கடைல சும்மா குடுக்குறது கச்சான் காத்துக்குத் தாங்காது.

எல்லாம் முடிஞ்சதும் சர்வருக்கும் ரவுட்டருக்கும் ஸ்டாட்டிக் ஏஆர்பி போட்டுட்டா இனி தொல்லையே இல்லன்னு சிலர் சொல்வாங்க. ரிப்ளை ஒன்லி மாதிரி தேவையான எடத்துல போடுங்க, விஆர்ஆர்பி இருக்குற எடத்துல, நிஜ மேக்கோட ஓடுற கீப்அலைவ்ட் பக்கத்துல போடவே போடாதீங்க, மாஸ்டர் மாறுனா அந்த ஸ்டாட்டிக் என்ட்ரி மாறாது. எங்க போட்டாலும் ரவுட்டர் கமென்ட்ல தேதியும் காரணமும் எழுதி வைங்க, அடுத்து நெட்வொர்க் கார்டு மாத்த வர்ற பையன் அதப் பாத்துத்தான் என்ட்ரிய மாத்தணும்னு தெரிஞ்சுக்குவான்.